சுவரில் 11 முத்திரை: எது கிரெடிட்டைச் சுமந்துபோகும்?

பிப்ரவரி 3, 2024: வந்த கேள்வி

"தம்பி குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அவன் பையன் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முடித்துவிட்டான். இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறுவதாகத் திட்டம். கல்லூரியின் முன்கூடத்துச் சுவரில் 11 அமைப்புகளின் முத்திரை மாட்டியிருக்கிறதாம், எல்லாவற்றிலும் உறுப்பினராம். 'இத்தனை தேசிய அமைப்புகள் எங்களைச் சேர்த்திருக்கின்றன, இங்கே முடித்த பாடங்களுக்கான கிரெடிட் எங்கே வேண்டுமானாலும் செல்லும்' என்று அட்மிஷனில் சொல்லியிருக்கிறார்கள். உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள் என்றால் அங்கீகாரம் கொடுத்த மாதிரிதானே? சும்மாவா சேர்ப்பார்கள்?"

பிப்ரவரி 3, இரவு 10.40

சும்மா சேர்க்க மாட்டார்கள். சந்தா வாங்கிக்கொண்டுதான் சேர்ப்பார்கள்.

நகைக்கடையில் 'நகை வியாபாரிகள் சங்க உறுப்பினர்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். அதை நம்பி யாராவது சங்கிலி வாங்குவார்களா? திருப்பிப் பார்த்து ஹால்மார்க் இருக்கிறதா என்றுதானே தேடுவோம். கடைக்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போய்வருகிறார் என்பதற்கு அந்த போர்டு சாட்சி. தங்கத்துக்குச் சாட்சி வேறு.

நீங்கள் கேட்கிற அங்கீகாரம், அதாவது கல்லூரியின் தரத்தைச் சோதித்துத் தரும் அக்ரெடிடேஷன் என்றால் வேலை நிறைய. கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும்: யார் பாடம் நடத்துகிறார்கள், அவர்கள் என்ன படித்தவர்கள், வரவு செலவு எப்படி, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள். அப்புறம் வேறு கல்லூரிகளின் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் ஒரு குழுவாக வந்து சில நாள் தங்கி, பீரோவைத் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் தரும் அறிக்கையை வைத்து, அக்ரெடிடேஷன் கொடுக்கும் ஆணையம் முடிவு சொல்லும். பல ஆணையங்களில் 7 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை இதெல்லாம் முதலிலிருந்து திரும்ப நடக்கும்.

அந்த 11 பெயரையும் அனுப்புங்கள். எனக்கு என்னவோ உறுத்துகிறது.

பிப்ரவரி 4, காலை 7.05

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. அமெரிக்காவில் மத்திய அரசு நேரடியாக எந்தக் கல்லூரிக்கும் அக்ரெடிடேஷன் கொடுப்பதில்லை. கொடுப்பவை தனியார் ஆணையங்கள். அந்த ஆணையத்தை நம்பலாமா என்று மட்டும் மத்திய கல்வித்துறை பார்க்கிறது. 1996இல் தொடங்கிய சி.எச்.இ.ஏ. என்ற அமைப்பும் தன் பங்குக்குப் பார்க்கிறது. ஆகவே 'அக்ரெடிடேஷன் இருக்கிறதா' என்று கேட்டால் போதாது. கொடுத்தது யார், கொடுத்தவரை ஏற்றுக்கொண்டது யார் என்றும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் மாப்பிள்ளைக்கு மச்சான் நடத்தைச் சான்றிதழ் கொடுத்த கதைதான். பெரிய பெயராக வைத்துக்கொண்டு காசு வாங்கி 'அக்ரெடிடேஷன்' அச்சடித்துக் கொடுக்கும் போலி கவுன்சில்கள் உண்டு.

மாநில லைசென்ஸ் இன்னொரு சமாச்சாரம். அது கடை திறக்க அனுமதி, அவ்வளவுதான்.

நம் தமிழ்ச் சொல்லும் சேர்ந்து குழப்புகிறது. ஊரில் யு.ஜி.சி. பட்டியலில் இருந்தாலும் அங்கீகாரம், பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தாலும் அங்கீகாரம், கல்லூரித் தரம் பார்க்கும் நாக் அமைப்பு சோதித்துச் சான்று கொடுத்தாலும் அங்கீகாரம். மூன்றும் மூன்று வேலை, சொல் ஒன்று. அந்தப் பழக்கத்தில்தான் அமெரிக்காவில் முத்திரை எதைப் பார்த்தாலும் சர்க்கார் முத்திரை என்று நினைத்துவிடுகிறோம். அதனால் இனி அக்ரெடிடேஷன் என்றே எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, இரவு 9.20

பட்டியல் வந்தது. சிரித்துக்கொண்டே படித்தேன், மன்னிக்கவும்.

ஏக்ரோ என்பது பதிவாளர்களும் அட்மிஷன் அதிகாரிகளும் 1910இலிருந்து வைத்திருக்கும் சங்கம். நாஃப்சா, வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் ஊழியர்களுக்காக 1948இல் தொடங்கியது. ஏ.சி.இ. 1918இலிருந்து கல்லூரிகளுக்காக வாஷிங்டனில் குரல் கொடுக்கும் கவுன்சில். மூன்றும் மரியாதையான அமைப்புகள். மாநாடு, பயிற்சி, புத்தகம் என்று உருப்படியாகச் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கல்லூரிக்கு வந்து பீரோவைத் திறப்பது இவர்கள் வேலை இல்லை. ராணுவப் பயிற்சிக்கும் கம்பெனிப் பயிற்சிக்கும் எத்தனை கிரெடிட் தரலாம் என்று ஏ.சி.இ. பரிந்துரைப்பதுண்டு. அதுவும் பரிந்துரைதான், உறுப்பினர் கல்லூரியின் பாடங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நூலகச் சங்கம் ஒன்று, நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான ஹானர் சொசைட்டி இரண்டு, விளையாட்டுச் சங்கம் ஒன்று, விளம்பரப் பிரிவுக்காரர்கள் சங்கம் ஒன்று, உள்ளூர் வர்த்தக சபை. வர்த்தக சபை! பக்கத்து முடிதிருத்தகமும் அதில் உறுப்பினராக இருக்கும். பத்தாவது ஏ.ஏ.சி.எஸ்.பி., அதற்கு அப்புறம் வருகிறேன்.

பதினொன்றாவதுதான் அருமை. "இதிலாவது அக்ரெடிடட் என்று எழுதியிருக்கிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். அது பெட்டர் பிசினஸ் பீரோவின் முத்திரை. 'பி.பி.பி. அக்ரெடிடட் பிசினஸ்' என்றுதான் அவர்கள் போடுவார்கள். வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல ஒப்புக்கொண்ட வியாபாரம் என்று அர்த்தம். கூரை மாற்றுகிறவர் வேனிலும் கார்ப்பெட் கழுவுகிறவர் வேனிலும் அதே முத்திரையைப் பார்க்கலாம். அல்ஜீப்ரா யார் நடத்துகிறார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை.

11இல் படிப்பைச் சோதித்தது பூஜ்யம். பையனை வெளியே எடுங்கள்.

பிப்ரவரி 5, இரவு 11.30

"ஏன் இவ்வளவு சூடு" என்று இன்னொருவர் கேட்கிறார். சொந்தக் கதைதான்.

2007இல் அமெரிக்கா வந்த புதிதில் மாலை வகுப்புக் கல்லூரி ஒன்றில் கணக்குப்பதிவியல் சேர்ந்தேன். கடைவரிசை ஒன்றின் மாடியில் இருந்தது, கீழே பல் டாக்டர். வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே எட்டு சான்றிதழ், எல்லாம் ஒரே அளவு தங்கநிறச் சட்டம். பணம் கட்டப் போன அன்று வரிசையில் நின்றபடி எட்டையும் படித்தேன். ஒவ்வொன்றிலும் கழுகோ தூணோ விளக்கோ ஏதாவது ஒன்று இருந்தது. கல்லூரிப் பெயர் எழுதிய இடத்தில் மட்டும் வேறு மை. அது கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. ஆலோசகர் அம்மையார் அந்தச் சுவரைக் கையால் காட்டி, "இவை எல்லாம் உங்கள் கிரெடிட்டோடு கூடவே வரும்" என்றார்.

ஒன்றரை வருடத்தில் 13 பாடம், 52 கிரெடிட். பகலில் கிடங்கு வேலை, ராத்திரி டெபிட் கிரெடிட். ஒரு பாடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர். அப்புறம் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரத்தில் ஒரே ஒரு தாள் வந்தது. ஏற்றுக்கொண்ட கிரெடிட்: 0.

மனைவியிடம் அந்தத் தாளைக் காட்ட இரண்டு நாள் ஆயிற்று. அக்ரெடிடேஷனே இல்லாத கல்லூரி, சுவர் நிறைய மெம்பர்ஷிப். அதனால்தான் சூடு.

பிப்ரவரி 6, காலை 6.50

அவசரப்பட்டுவிட்டேன். பையனை வெளியே எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கல்லூரிக் கையேட்டின் இரண்டாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பொடி எழுத்தில் ஒரு வரி: ஹையர் லேர்னிங் கமிஷன் அக்ரெடிடேஷன் கொடுத்திருக்கிறது. கல்வித்துறையின் பட்டியலிலும் தேடிப் பார்த்துவிட்டேன், இருக்கிறது. நிஜமான கல்லூரி. உண்மையான ஒன்றைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, வர்த்தக சபையைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்கள். யார் யோசனையோ.

தெரியாதவர்களுக்கு: முன்பு 'ரீஜனல்' (வட்டார) என்று சொன்ன ஆணையங்கள் ஏழு. மிடில் ஸ்டேட்ஸ், நியூ இங்கிலாந்து, ஹையர் லேர்னிங், சதர்ன், நார்த்வெஸ்ட், மேற்குக் கடற்கரைப் பக்கம் இரண்டு. 'கேண்டிடேட்' என்று போட்டிருந்தால் பாதி வழி வந்திருக்கிறது என்று பொருள். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று பொருள்.

பிப்ரவரி 6, இரவு 10.10

இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் முதல் கேள்வியை நான் கிண்டல் செய்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நீங்கள் சொன்னது ஏறக்குறைய சரி.

இந்த ஆணையங்களின் பூர்வீகமே சங்கங்கள்தான். நியூ இங்கிலாந்து 1885, மிடில் ஸ்டேட்ஸ் 1887, சதர்னும் நார்த் சென்ட்ரலும் 1895. பள்ளிகளும் கல்லூரிகளும் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் எதுவரை நடத்தினால் கல்லூரியில் சேர்க்கலாம் என்பதுதான் பேச்சு. பேசப்பேச, யாரைக் கூட்டத்தில் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கு ஒரு தரம் வைத்தார்கள். நார்த் சென்ட்ரல் 1913இல் தன் முதல் கல்லூரிப் பட்டியலை வெளியிட்டது. அந்தச் சங்கத்தின் வாரிசுதான் இன்றைய ஹையர் லேர்னிங் கமிஷன். அக்ரெடிடேஷன் பெற்ற கல்லூரிகளை இன்றும் 'உறுப்பினர்' என்றே அது அழைக்கிறது. ஆக, உங்கள் தம்பி மகன் கல்லூரிக்கு உருப்படியான மெம்பர்ஷிப் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சுவரில் காணோம்.

அரசு உள்ளே வந்தது பணத்தோடு. 1944 ஜி.ஐ. பில் போர்வீரர்களுக்குப் படிப்புப் பணம் கொடுத்ததும் காளான் மாதிரிப் பள்ளிகள் முளைத்தன. 1952இல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டம் வந்தபோது, நம்பத் தகுந்த ஆணையங்களின் பட்டியலை அரசு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 1965 உயர்கல்விச் சட்டத்துக்குப் பிறகு மாணவர் உதவிப் பணமும் அதோடு கட்டப்பட்டது.

பிப்ரவரி 9, மதியம் 1.15

"அப்படியானால் மெம்பர்ஷிப் எல்லாம் குப்பையா?" என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். குப்பை என்று நான் எழுதவில்லை. சரி, கிட்டத்தட்ட எழுதினேன்.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது நியாயம். நம் ஊர் பட்டத்தை அமெரிக்காவில் மதிப்பிடும் நிறுவனங்களுக்கு அரசு அக்ரெடிடேஷன் என்று ஒன்றும் கிடையாது. அங்கே பல பல்கலைக்கழகங்களும் உரிம வாரியங்களும் பார்ப்பதே மெம்பர்ஷிப்பைத்தான்: 1987இல் தொடங்கிய என்.ஏ.சி.இ.எஸ். சங்கத்தில் இருக்கிறதா என்று. பட்டத்தை மதிப்பிடப் பலரும் போகும் டபிள்யூ.இ.எஸ். நிறுவனம் அதில் உறுப்பினர். உள்ளே விடுவதற்கு முன்னால் வேலையைச் சோதித்துப் பார்க்கிற சங்கம் அது. வாசலில் காவல்காரர் நிற்கும் சங்கமும் உண்டு, உண்டியல் மட்டும் இருக்கும் சங்கமும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கட்டடம்தான்.

ஏ.ஏ.சி.எஸ்.பி.க்கு வருகிறேன் என்றேனே. 1916இலிருந்து பிசினஸ் ஸ்கூல்களுக்கான அமைப்பு. அங்கே உறுப்பினர் என்பது ஒன்று, அக்ரெடிடேஷன் பெற்றவர் என்பது வேறொன்று. இரண்டையும் தருவது ஒரே அமைப்பு, முத்திரையில் அதே எழுத்துகள்! உங்கள் சுவரில் இருப்பது 'மெம்பர்'. எம்.பி.ஏ. தேடுகிறவர்கள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பிப்ரவரி 11, இரவு 12.20

தூக்கம் வரவில்லை. 5ஆம் தேதி எழுதியதைச் சரிபார்க்கலாம் என்று பழைய பெட்டியை இறக்கினேன். இறக்காமல் இருந்திருக்கலாம்.

அந்தத் தாள் கிடைத்தது. நான் எழுதிய 0 அதில் இல்லை. இருப்பது 5.33.

இரண்டு பாடத்தை ஏற்றிருக்கிறார்கள். வணிகக் கடிதம் ஒன்று, கணினி அறிமுகம் ஒன்று. பாடத்துக்கு 4 குவார்ட்டர் கிரெடிட், இரண்டுக்கும் 8. குவார்ட்டர் கிரெடிட் செமஸ்டர் கிரெடிட்டைவிடச் சிறியது, அதை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் 5.33 செமஸ்டர் கிரெடிட். (என் 52ம் அங்கே 34.67தான் என்பதே அன்று எனக்கு உறைக்கவில்லை. பாதி ராத்திரியில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து இப்போது பெருமூச்சு விட்டுப் பயன்?) எதிரே 'ஃப்ரீ எலெக்டிவ்', அதாவது விருப்பப் பாடம் என்று போட்டிருக்கிறது. நான் சேர்ந்த அக்கவுன்டிங் பட்டத்தில் ஃப்ரீ எலெக்டிவுக்கு இடமே இல்லை. ஏற்றுக்கொண்டார்கள், வைக்க இடமில்லை. கல்யாண மண்டபத்துக்குள் விட்டுவிட்டு இலை போடாத மாதிரி. பதினைந்து வருடத்தில் மனசு அதைப் பூஜ்யமாக்கிவிட்டது.

அடியில் கல்லூரிக் கையேடும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அக்ரெடிடேஷன் என்ற தலைப்பு. இருந்திருக்கிறது! அப்போது கல்வித்துறை ஏற்றுக்கொண்டிருந்த 'நேஷனல்' ஆணையம் ஒன்றின் அக்ரெடிடேஷன். 'அக்ரெடிடேஷனே இல்லாத கல்லூரி' என்று இத்தனை வருடம் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு.

அப்படியானால் என் 11 பாடம் ஏன் விழுந்தது? தாளின் அடியில் ஒரு வரி இருக்கிறது: ரீஜனல் அக்ரெடிடேஷன் உள்ள கல்லூரிகளின் பாடங்களே நேரடியாகப் பரிசீலிக்கப்படும், மற்றவை துறை விருப்பப்படி. அன்று அந்த வரியையும் நான் படிக்கவில்லை.

பிப்ரவரி 12, இரவு 9.45

'நேஷனல்' என்றால் 'ரீஜனல்'ஐ விடப் பெரியது என்றுதான் யாருக்கும் தோன்றும். தேசிய விருது பெரிதா, மாநில விருது பெரிதா? இங்கே தலைகீழ். தொழிற்பயிற்சி, லாப நோக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் நேஷனல் பக்கம். மரபான கல்லூரிகள் ரீஜனல் பக்கம். ரீஜனலில் எடுத்த கிரெடிட் நேஷனலுக்குச் சுலபமாகப் போகும், மறுதிசையில் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். 2020 ஜூலை 1 முதல் கல்வித்துறை இந்தப் பாகுபாட்டையே எடுத்துவிட்டது. எல்லோரும் ஒரே வகை நிறுவன ஆணையம்தான். சட்டத்தில் போய்விட்டது. பதிவாளர் அலுவலகங்களின் பழக்கத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

பழக்கம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அடித்த கையிலேயே போய் உட்கார்ந்தேன். பின்னாளில் ஆறு வருடம் வேறொரு கல்லூரியில், வரும் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) பார்த்து கிரெடிட் போடும் மேஜை என்னுடையது. உறை பிரியாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். படித்த வருடத்தில் அந்தக் கல்லூரிக்கு அக்ரெடிடேஷன் இருந்ததா, கிரேடு சி அல்லது அதற்கு மேலா, பாட விவரம் எங்கள் பாடத்தோடு பொருந்துகிறதா என்று வரிசையாகப் போகும். பொருந்துமா தெரியவில்லை என்றால் துறைக்கு அனுப்புவேன். சிலபஸ் இல்லாமல் அனுப்பினால் பேராசிரியர் தொடவே மாட்டார். விண்ணப்பித்தவரின் பழைய கல்லூரி எந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்று ஆறு வருடத்தில் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அப்படி ஒரு கட்டமே எங்கள் படிவத்தில் கிடையாது.

2016 செப்டம்பரில் ஐ.டி.டி. டெக் என்ற லாப நோக்கக் கல்லூரி நாடு முழுக்க ஒரே நாளில் மூடியது. அதற்கு முந்தைய வருடம் கொரிந்தியன் கல்லூரிகள். இரண்டுக்கும் பின்னால் ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற நேஷனல் ஆணையம் இருந்தது. 2016 டிசம்பரில் கல்வித்துறை அந்த ஆணையத்துக்குக் கொடுத்திருந்த ஏற்பு ரத்தாகி, 2018இல் திரும்பக் கிடைத்து, 2022இல் ஒரேயடியாகப் போனது. அந்தக் காலத்தில் மூடிப்போன கல்லூரிகளிலிருந்து ஆட்கள் எங்கள் கவுன்ட்டருக்கு வர ஆரம்பித்தார்கள்.

ஒரு அம்மா நினைவில் நிற்கிறார். ஐம்பது வயதிருக்கும். பிளாஸ்டிக் உறையில் சிலபஸ் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதிய குறிப்போடு. தேய்மானக் கணக்கை நான் படித்ததைவிட ஒழுங்காகப் போட்டிருந்தார். விதிப்படி எடுக்க முடியாது என்று சொன்னேன். "பாடத்தைப் பார்த்துச் சொல்கிறீர்களா, கல்லூரியைப் பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். கல்லூரியைப் பார்த்துத்தான் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. கிளெப் பரீட்சை எழுதி சில கிரெடிட்டை மீட்கலாம் என்று ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன். உறைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுக்க முடியாது என்ற அதே பதிலை ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு தாளில் எனக்கும் ஒருவர் அனுப்பியிருந்தார்தானே. எப்படி மறந்தேன்?

பிப்ரவரி 13, காலை 8.00

சின்னத் திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் ரீஜனல் இருந்தாலே எல்லாம் போய்ச்சேரும் என்று தோன்றும். போகாது. எந்த ஆணையமும் 'நீ இந்த கிரெடிட்டை எடுத்தே ஆக வேண்டும்' என்று அடுத்த கல்லூரியைக் கட்டாயப்படுத்துவதில்லை. முடிவு, வாங்கிக்கொள்கிற கல்லூரியுடையது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட கணிப்பு: கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்திருக்கிறார்கள். 2004 முதல் 2009 வரை மாறியவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. பெரும்பாலோர் முறையான கல்லூரிகளிலிருந்து போனவர்கள்தான்.

எடுத்துக்கொண்டு போகும் கிரெடிட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. சதர்ன் ஆணையத்தில் பட்டத்தின் கிரெடிட்டில் குறைந்தது 25 சதவீதம் பட்டம் தரும் கல்லூரியிலேயே எடுக்க வேண்டும். 120க்கு 30.

பிப்ரவரி 13, மாலை 5.30

நர்சிங் பற்றிக் கேட்டவருக்கு: கல்லூரியின் அக்ரெடிடேஷனைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மாநில நர்சிங் வாரியம் அந்தப் படிப்பை ஒப்புக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நர்ஸ் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் பரீட்சையில் உட்கார முடியாது. எஞ்சினியரிங் என்றால் ஏபெட் என்ற அமைப்பின் அக்ரெடிடேஷன். அது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. சிவிலுக்கு இருக்கும், பக்கத்து அறையில் இருக்கும் படிப்புக்கு இருக்காது.

பிப்ரவரி 15, இரவு 10.50

விசாவில் வருகிறவர்கள் தனியாகக் கேட்கிறார்கள். மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் கொடுக்க ஒரு கல்லூரிக்கு அனுமதி இருக்கிறது என்பதைப் பலர் தரத்துக்குச் சான்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2011 ஜனவரியில் கலிஃபோர்னியா பிளசன்டனில் ட்ரை-வேலி யுனிவர்சிட்டியை அதிகாரிகள் சோதனையிட்டபோது அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். அதற்கும் ஐ-20 அனுமதி இருந்தது. கடைசியில் சில மாணவர்கள் காலில் மின்னணுப் பட்டையோடு நடமாடினார்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் வினோதம். நியூஜெர்சியில் 2016இல் வெளிச்சத்துக்கு வந்த யுனிவர்சிட்டி ஆஃப் நார்தர்ன் நியூஜெர்சியையும், மிச்சிகனில் 2019இல் வெளிவந்த ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டியையும் நடத்தியது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே. ஏஜென்ட்களைப் பிடிக்க வைத்த பொறி. வகுப்பே கிடையாது. ஆனால் நியூஜெர்சி பொறியின் பெயர் ஏ.சி.ஐ.சி.எஸ். பட்டியலில் இருந்தது. அதாவது நான் 6ஆம் தேதி செய்த மாதிரிப் பட்டியலில் தேடும் யோசனையே அங்கே பலித்திருக்காது. வகுப்பறை இருக்கிறதா, வாத்தியார் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் மிச்சம்.

இன்னொன்று. அமெரிக்க மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கென்று எச்-1பி வேலை விசாவில் தனியாக 20,000 இடம் இருக்கிறதே, அதற்கு அக்ரெடிடேஷன் மட்டும் போதாது. அரசுக் கல்லூரியாகவோ லாப நோக்கமில்லாத கல்லூரியாகவோ இருக்க வேண்டும். லாப நோக்கக் கல்லூரியில் முறையாக மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு இந்த இடத்தில் தட்டி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். இது தலைப்பை விட்டு வெளியே போகிறது, நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 17, காலை 9.10

தம்பி மகனுக்கு: உன் கல்லூரியில் கேட்காதே, அவர்கள் விற்பவர்கள். போகப்போகிற யுனிவர்சிட்டியின் பதிவாளர் அலுவலகத்துக்கு மெயில் போடு. போனில் வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும். பாட எண், தலைப்பு, கிரெடிட், பாட விவரம் நாலும் போடு. "ஏற்பீர்களா" என்று மட்டும் கேட்காதே, என் 5.33ஐ நினைத்துக்கொள். "இந்தப் பட்டத்தில் எந்தத் தேவைக்குக் கணக்காகும்" என்று கேள்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரிப் பிள்ளைகளுக்கு அசிஸ்ட் தளத்திலேயே எந்தப் பாடம் எங்கே எதற்குச் சமம் என்று பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவில் பாட எண்களே பொது. தனியார் கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு அந்த வசதி குறைவு, மெயில்தான்.

மார்ச் 2, இரவு 8.35

பதில் வந்துவிட்டதாம், பன்னிரண்டாவது நாள். ஐந்து பாடத்தில் ஆங்கிலம், அல்ஜீப்ரா, உளவியல் மூன்றும் நேராகப் போகின்றன. முதலாண்டு செமினாரை எலெக்டிவாக எடுத்துக்கொள்கிறார்களாம். அவன் பட்டத்தில் எலெக்டிவுக்கு இடம் இருக்கிறது, அதையும் அவனே கேட்டுவிட்டான். புள்ளியியலுக்குத் துறை சிலபஸ் கேட்கிறது. செமஸ்டர் முடிந்ததும் போர்ட்டலில் அந்த வகுப்புப் பக்கத்தை மூடிவிட்டார்களாம். நடத்தியவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே தேடிப்பிடித்து மெயில் போட்டிருக்கிறான். இன்னும் பதில் இல்லை.